கோழிகளுக்காகப் பேச வந்த ராயர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். அதை ஆண்ட மகாராஜாவுக்குச் சாப்பாடு என்றால் உயிர். ஒருநாள் கோழிக் குழம்பில் எலும்பைக் கடித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "இளவரசன் பட்டாபிஷேக விருந்துக்குச் சதைப் பந்தாகக் கோழி வேண்டும்!" என்றார்.

களஞ்சிய அதிகாரி அனந்தராயர் இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான் காத்திருந்தார். அரசவை விகடகவி சொக்கலாண்டியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறார். இவர் வாயைத் திறந்தால் ராஜா கொட்டாவி விடுகிறார். எரியாமல் என்ன செய்யும்?

"மகாராஜா, கோழிக் குஞ்சுகளைச் சொக்கலாண்டி வீட்டில் வளர்க்கச் சொல்லுங்கள். தீனியும் முறையும் அடியேன் தருகிறேன்."

"அப்படியே ஆகட்டும். குஞ்சுகள் வீணானால் சொக்கலாண்டி நாட்டை விட்டே போகவேண்டும்" என்றார் ராஜா.

ராயரின் முறை இருக்கிறதே, அடேயப்பா! ஒரே அறையில் குஞ்சுகளை நெருக்கி அடைக்க வேண்டும். காற்றுப் பட்டால் கொழுப்புக் கரையும், ஜன்னலைச் சாத்து. தூங்கினால் தின்னாது, விடிய விடிய விளக்கேற்று. தீனித் தொட்டி காலியாகவே கூடாது. கீழே பரப்பிய உமியை மாற்றினால் கோழி மிரளும், தொடாதே. இதையெல்லாம் யாரும் மீறாமல் இருக்க வாசலில் தம் காவலாளையும் நிறுத்திவிட்டார்.

குஞ்சுகள் தின்றன. தின்பதைத் தவிர வேறு வேலை? உடம்பு ஊதிற்று, கால் தாங்கவில்லை. தொட்டியருகே காலைப் பரப்பிக் கிடந்தபடியே தின்றன. வாயைப் பிளந்து இரைத்தன. நனைந்த உமியின் நெடி கண்ணைக் கரித்தது. எச்சத்தில் ரத்தம் கண்டது. நேற்றுத் தின்றுகொண்டிருந்தது இன்று மல்லாந்து கிடந்தது.

சொக்கலாண்டியின் மனைவி பவளாயி அழுதேவிட்டாள். "ஏங்க, இன்னைக்கும் செத்துக் கிடக்குங்க. ஒரு ஜன்னலைத் தொறக்கலாம்னா வாசல்ல நிக்கற இந்தக் கடங்காரன் விடமாட்டேங்கிறான். பொறந்த ஊரை விட்டு எங்கங்க போவோம்?"

"அழாதடி. உசுரோட இருக்கறதுக்குத் தண்ணி வை, நான் சபைக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்பினான். அவனுக்கும் உள்ளே பயம்தான்.

சபையில் ராஜா உறுமினார். "கோழிகள் எதனால் செத்தன? உன் சமாதானம் எனக்கு வேண்டாம். கோழிகளின் வாயாலேயே கேட்க வேண்டும்!"

சபையே திகைத்தது. ராயருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. துள்ளி முன்னே வந்தார்.

"வாயில்லா ஜீவன்களுக்காக அடியேன் பேசுகிறேன் மகாராஜா! சொக்கலாண்டி எங்களைப் பட்டினி போட்டுக் கொன்றான் என்று அவை கதறுகின்றன."

சொக்கலாண்டி கைகூப்பினான். "மிக்க சந்தோஷம். ஆனால் மகாராஜா, நம் சபைக்கு ஒரு வழக்கம் உண்டே. வாயில்லா ஜீவனுக்காக வழக்குப் பேசுகிறவர் அது இருக்கும் இடத்தில் ஒரு பகல் இருந்து, அது தின்பதைத் தின்றுவிட்டல்லவா பேச வேண்டும்?"

வழக்கம் வழக்கம்தான். ராஜா தலையசைத்தார். அவசரத்தில் அதை மறந்து தொலைத்த ராயரின் முகம் சுண்டிப்போயிற்று.

மறுநாள் காலையில் ராயரைக் கோழி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். முன்னால் ஒரு தொட்டி நிறைய அரிசி நொய்யும் எள்ளுப் பிண்ணாக்கும். குறைய விடாமல் பவளாயி ஒரு சந்து வழியாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பாவம், அவளுக்கும் ஒரு ஆசை! கோழிகளுக்கு நடுவே ராயருக்கு நடமாட இடமில்லை. கால் மரத்தது. உச்சிவேளைக்கெல்லாம் ராஜா அறைக்கு வெளியே வந்து நின்றபோது உள்ளிருந்து கதவு அதிர்ந்தது.

"டேய், கதவைத் திறடா! மூச்சு முட்டுகிறது!"

"தெறக்கக் கூடாதுன்னு ராயர் உத்தரவுங்க" என்றான் காவலாள்.

"நான்தானடா ராயர்!"

"உள்ள இருக்கறது கோழியோட வாயின்னு சொன்னாங்களே சாமி!"

"ஐயோ! கண் எரிகிறதே! காலைத் தூக்க முடியவில்லையே! தின்னத் தின்னக் கொட்டுகிறார்களே! இதில் மனுஷன் இருப்பானா? எந்த முட்டாள் சொன்ன முறையடா இது?"

ராஜா கதவைத் திறக்கச் சொன்னார். உடம்பெல்லாம் உமியும் எச்சமுமாக, வாயைப் பிளந்து இரைத்தபடி, நாலு காலில் தவழ்ந்து வந்தார் ராயர்.

"சொல்லும் ராயரே. கோழிகள் யாரால் செத்தன?"

ராயர் தலை குனிந்தது. "என்னால்தான் மகாராஜா."

அவ்வளவுதான்! ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சொக்கலாண்டிக்குப் போட்டார். "இந்த ராயரை நாடு கடத்தட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் மகாராஜா. கோழியின் கஷ்டம் இப்போது இந்த நாட்டில் இவருக்குத்தான் தெரியும். மிச்சக் கோழிகளை இவரே பார்த்துக்கொள்ளட்டும்."

ராஜா மறுபடி சிரித்து, அதையே உத்தரவாக்கினார்.

அன்று முதல் விடிந்ததும் களஞ்சிய அதிகாரி பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு வருவார். ஜன்னலைத் திறப்பார், உமியை மாற்றுவார், கோழிகளை வெயிலில் மேய விடுவார். கோழிகள் தேறிக் காலூன்றி நடந்தன. பவளாயி இடுப்பில் கை வைத்து நின்று, கழுத்தில் முத்துமாலை ஆட, வாய் நிறையச் சொல்வாள்: "ராயரே, அந்த மூலையில இன்னும் கொஞ்சம் எச்சம் கெடக்குதுங்க பாருங்க!"