சனி மெதுவாக வருவது ஏன்?

மருதவயல் ஜமீன்தாருக்குச் சனி பிடித்திருந்தது. விலக இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்று ஜோசியர் சொன்னதுதான் தாமதம், மனுஷர் கொதித்துவிட்டார்.

"செவ்வாய் ஒன்றரை மாசத்துல ஒரு ராசியைத் தாண்டுது, குரு ஒரு வருஷத்துல தாண்டுது. கடைசி வட்டத்துல சுத்துற சனிக்கு மட்டும் ரெண்டரை வருஷமா? களத்துல நெல்லை மிதிக்கும்போது வெளிவட்டத்து மாடுதானே வேகமா ஓடுது!"

ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். கூரை விசிறியின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த வேலைக்காரன் வெள்ளையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடா இளிப்பு? நீயே காரணம் சொல்லு. இல்லாட்டி இன்னைக்கே ஊரைவிட்டுக் கிளம்பு."

"எசமான், களத்து மாடுகளை ஒரே கயித்துல பிணைச்சிருக்கோம். கிரகத்துக்குக் கயிறு ஏது? சூரியன் இழுக்கிற இழுப்புதான். பக்கத்துல இருந்தா இழுப்பு பலம், ஓடியே ஆகணும். தள்ளிப் போகப் போக இழுப்பும் குறையும், சுத்துற வட்டமும் பெருகும். மெதுவாத்தான் வரும்."

"யாருடா பார்த்தது?"

"நீங்களே பார்த்தீங்களே எசமான். உங்க தம்பி அரண்மனையில இருந்தவரைக்கும் தினமும் வந்து நின்னார். எதிர்த்துப் பேசினார்னு பக்கத்து ஊருக்கு அனுப்பினீங்க. மாசம் ஒருதரம் வந்தார். அப்புறம் கடல் தாண்டி கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினீங்க. ஏழு வருஷமாச்சு, ஒருதரம்கூட வரலை."

ஜமீன்தார் தலைகுனிந்தார். தம்பியை அழைத்துவர அன்றே ஆள் போனது.

போன ஆள் தனியாகத் திரும்பினான். தம்பி மூன்று மாசத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாராம்.

ஜமீன்தார் கேட்டார்: "தள்ளி அனுப்பினா வரமாட்டான்னு ஏன்டா முன்னாடியே சொல்லலை?"

வெள்ளையனின் கையில் கயிறு நின்றுபோயிருந்தது.

"உங்களுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்துட்டேன், எசமான். ஓடவே நேரம் சரியாப் போச்சு."