வழிகாட்டி கும்பிடப் போன நாள்

"எனக்குக் கும்பிட வரலம்மா" என்றார் அரியநாயகம்.

தேவகுஞ்சரி அம்மா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மாலைத் தியானம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது அந்தக் கூடம். குருவுக்கு வயது நாற்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று. வயதை இரண்டு பேருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆறு வருஷமா இங்க வந்து உட்கார்றீங்களே, ஐயா."

"உட்கார வருது. கும்பிடத்தான் வரல."

அரியநாயகம் முப்பத்திரண்டு வருஷமாகப் பினாங்கில் சுற்றுலா வழிகாட்டி. தேவாலயம், சீனக் கோயில், பள்ளிவாசல், மாரியம்மன் கோயில் எல்லாம் அங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எந்தச் சாமியைப் பற்றிக் கேட்டாலும் ஜாதகத்தையே ஒப்பித்துவிடுவார். அதையும் நாலு மொழியில் ஒப்பிப்பார். சிரிக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக்காரனையும் சிரிக்க வைத்துவிடுவார். விடுமுறை நாளில் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். இனிப்புக் கடைக்காரர் வீட்டில் இனிப்பு சாப்பிடுவாரா என்ன.

அவர் மனைவி கனகவல்லி ஆஸ்பத்திரியில் இருந்தார். நாளை மறுநாள் காலையில் இருதய ஆபரேஷன்.

"இத்தனை வருஷத்துல அவ எங்கிட்ட எதுவும் கேட்டதில்லம்மா. நேத்துதான் கேட்டா. 'ஊர்ல உள்ள சாமியெல்லாம் உங்களுக்குப் பழக்கம். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னா. சரின்னு சொல்லிட்டேன்."

"சொன்னீங்களா?"

"மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். வாயத் திறந்தா கோபுரம் எத்தனை அடி, எந்த வருஷம் கும்பாபிஷேகம், அதுதான் வருது. கனகம் பேரு வரல."

இதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

அம்மா பாய்களைச் சுவரோரம் சாய்த்தார். மாடத்திலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். தங்கும் விடுதிகளில் சும்மா கொடுக்கிற நகர வரைபடம் அது.

"நாளைக்கு இத வச்சுக்கிட்டு நீங்களே சுத்திப் பாருங்க. டூரிஸ்ட் மாதிரி. கூட யாரும் வேணாம்."

அரியநாயகம் பிரித்துப் பார்த்தார்.

"அம்மா, இதுல உள்ள குறிப்பெல்லாம் நான் எழுதிக் குடுத்தது."

"அப்ப வழி தப்பாது" என்றார் அம்மா.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது.

கூட்டத்தை இழுத்துக்கொண்டு நடக்கும்போது கால் வலிப்பது தெரியாது. தனியாக நடந்தால் தெரிகிறது. தேவாலயத்துப் படிக்கு வருவதற்குள் அவருக்கு முட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது.

உள்ளே பெஞ்சுகள் காலியாக இருந்தன. முன்னால் போய் நின்று கண்ணை மூடினார்.

"கடவுளே" என்று ஆரம்பித்தார். "கடவுளே, இந்தத் தேவாலயத்தின் தூண்கள்..."

வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் தூண்தான் வந்தது. மூன்றாவது தடவை ஆங்கிலத்தில் வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தால், எப்போது வந்தார்களோ, முதல் பெஞ்சில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி. அந்த அம்மாள் குறிப்பேடும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். பாதியில் விடுவது மரியாதை இல்லை. இருபது நிமிஷம் சொல்லி முடித்தார். அவர்கள் கைதட்டினார்கள்.

தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

சீனக் கோயிலில் ஒரே ஊதுபத்திப் புகை. அவரும் ஒரு கட்டு வாங்கினார், மூன்றைக் கொளுத்தினார், பெரிய சட்டியில் செருகினார். இந்தத் தடவை வாயையே திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

வாய் திறக்கவில்லை. ஆனால் கை வரைபடத்தைப் பிரித்தது. அந்தக் குவான் யின் கோயிலைப் பற்றித் தான் எழுதிய குறிப்பில் ஒரு எண் தப்பாக அச்சாகியிருந்தது. இத்தனை நாள் கண்ணில் படாமல் போயிற்றே என்று பேனாவை எடுத்துத் திருத்தினார். மற்றக் குறிப்புகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடித்தபோது மூன்று ஊதுபத்தியும் எரிந்து அணைந்திருந்தன.

புகைக்குக் கண்ணில் நீர் வந்தது. இதையே பிரார்த்தனை என்று சொல்லிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். அவ்வளவு அலுப்பு.

நண்பகல் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் கூட்டம் கலைந்திருந்தது. வாசல் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தார் செய்யது பாய். இருபது வருஷப் பழக்கம்.

"என்ன அண்ணே, குரூப் எங்க?"

"குரூப் இல்ல பாய். இன்னைக்கு நான் மட்டும்தான்."

பாய் நம்பாமல் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தனியாவா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கு இல்ல. வீட்டுல அவங்களுக்கு. நாளைக்கு இருதயத்துல ஆபரேஷன்."

"பேரு என்னண்ணே?"

"கனகவல்லி."

பாய் குழாயை மூடினார். ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் ஏந்தினார். உதடு அசைந்தது. நடுவில் ஒரு தடவை கனகவல்லி என்று கேட்டது. முகத்தைத் தடவிக்கொண்டு மறுபடி குழாயைத் திறந்தார்.

"உட்காருங்கண்ணே. சூடா தே ஓ வாங்கிக்கிட்டு வர்றேன், குடிங்க."

"வேணாம் பாய்."

அரியநாயகத்துக்கு நெஞ்சு எரிந்தது. அது பொறாமைதான். மனுஷன் கனகத்தைப் பார்த்ததுகூட இல்லை. படி கழுவுகிற நேரத்தில் அரை நிமிஷத்தில் கேட்டு முடித்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் அவள் கையால் சாப்பிட்ட நான் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நாலாவது இடம் மாரியம்மன் கோயில். அங்கே போக மனசு வரவில்லை. நேற்றுப் பட்டது போதும். கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் பூட்டிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்தார். செருப்புக்குள் கால் வீங்கியிருந்தது.

போன் அடித்தது. கனகம்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"சாமிகிட்ட சொல்லிட்டீங்களா?"

சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று மணி அடித்துக்கொண்டு போனது.

"சொல்லிட்டேன்" என்றார்.

"அப்ப சரி. நான் கொஞ்சம் தூங்குறேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அங்கேயே இருந்தார். கட்டிய நாளிலிருந்து அவளிடம் சின்னச் சின்னப் பொய் எத்தனையோ சொல்லியிருக்கிறார். இது மாதிரி எதுவும் சுட்டதில்லை.

சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத் தியானக் கூடத்து மாடி ஏறினார்.

"பார்த்தீங்களா?" என்றார் அம்மா.

"பார்த்தேன்."

"என்ன பார்த்தீங்க?"

"எல்லாம் இருந்த இடத்துலதான் இருக்கு."

அம்மா தண்ணீர் கொடுத்தார். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

"காலையில ஏழு மணிக்கு அவள உள்ள கொண்டு போறாங்க. இனிமே என்னால நடக்க முடியாதும்மா. ஏதாவது மந்திரம் இருந்தா குடுங்க. மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிடுறேன். அதுதானே எனக்குத் தெரிஞ்சது."

"மாரியம்மனப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"வாங்க, போவோம். எனக்குச் சுத்திக் காட்டுங்க."

"உங்களுக்கா?"

"நான் ஈப்போக்காரி. இந்த ஊருக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஒருத்தரும் எனக்கு விளக்கிச் சொன்னதில்ல."

அவருக்கு அழுகைதான் வந்தது. இருந்தாலும் குரு கேட்டுவிட்டார். எழுந்தார்.

கோயிலில் சாயரட்சைப் பூசைக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. சந்நிதியில் திரை போட்டிருந்தார்கள். உள்ளே அலங்காரம் நடந்துகொண்டிருந்தது.

"டூரிஸ்ட் வந்தா நீங்க எங்க நிப்பீங்க?" என்று கேட்டார் அம்மா.

அரியநாயகம் தயங்காமல் சந்நிதிக்கு முன்னால் போய் நின்றார். கால் அந்த இடத்தைத் தானாகக் கண்டுபிடித்தது.

"இங்க. அவங்கல்லாம் இப்ப நீங்க நிக்கிற இடத்துல நிப்பாங்க. அப்பத்தான் எல்லாருக்கும் என் முகம் தெரியும்."

"மத்த இடத்துலயும் இப்படித்தானா?"

"எங்க போனாலும் இப்படித்தாம்மா. கேக்குறவங்களப் பார்த்துத்தானே பேசணும். இன்னைக்குத் தேவாலயத்துலகூட, ஆளே இல்ல, தன்னால இப்படித்தான் போயி நின்னேன்."

"சரி, சொல்லுங்க."

அவர் ஆரம்பித்தார். களைத்துப் போயிருந்தாலும் குரல் தன் வேலையைச் செய்தது. எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், துறைமுகத்தில் என்ன வேலை செய்தவர்கள், முதலில் எவ்வளவு சின்னக் கோயில். அம்மா நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. நாதஸ்வரம் எழுந்தது. மணி அடித்தால் குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், அது தொழில் பழக்கம். உயர்த்தினார்.

எதிரே இருந்தவர்களின் கைகள் எல்லாம் தலைக்கு மேலே போயின. முகங்களில் தீப வெளிச்சம் அசைந்தது. இதுவும் அவருக்குப் பழக்கம்தான். அம்மாவின் முகத்திலும் வெளிச்சம் அசைந்தது. அவர் அரியநாயகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, இவர் தோளுக்கு மேலாக எதையோ பார்க்க முயன்றுகொண்டிருந்தார்.

"அம்மா, நான் சொல்றது கேக்குதா?"

"இல்ல."

"பின்ன?"

"கொஞ்சம் தள்ளுங்க, ஐயா. மறைக்கிறீங்க."

அரியநாயகம் பதறி விலகினார். எதை மறைத்தோம் என்று திரும்பினார்.

திரை விலகியிருந்தது. தீபம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவார்கள் என்று ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார். அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்று அவருக்குத் தெரியாது. அது நேராக அவரைத்தான் பார்த்தது.

அவர் வாய் திறந்தது. வருஷம் வரவில்லை, அடி வரவில்லை.

"கனகத்துக்குப் பயமா இருக்கு" என்றார். "எனக்கும்."