மாத்திரையைக் காணோம்

டக், டக், டக். சுழலும் கண்ணாடிப் பெட்டிக்குள் மாத்திரைகள் உருண்டு விழுகிற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உதிர்கிறதா என்று பார்ப்பதற்காக அப்படி உருட்டுவார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மருந்தியல் கல்லூரி. ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை ஞானதிரவியத்துடையது.

அவர் ஐம்பதைத் தாண்டியவர். மாத்திரைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி மாணவராக வந்திருந்தார். பெட்டி நின்றதும் ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

“ஒரு தூசிகூட உதிரல, மேடம்.”

அவருடைய வழிகாட்டி டாக்டர் ஜுலைகா அவரைவிட மிகவும் இளையவர்.

“சுத்தியல் கொண்டாரவா சார்?” என்றார்.

ஞானதிரவியம் சிரிக்கவில்லை. புளியங்கொட்டைப் பசையில் மருந்தைக் கலந்து அழுத்திய மாத்திரை அது. வயிற்றுக்குள் பசை ஊறி, காலையிலிருந்து இரவுவரை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவர் செய்தவை விடவில்லை. நாள் முழுவதும் வெதுவெதுப்பான நீரில் கிடந்தும் பாதி மருந்துகூட வெளியே வரவில்லை.

“கம்பெனியில திரும்பக் கூப்பிடுதாங்க, மேடம். நாளைச் சாயங்காலம் பதில் சொல்லணும். போயிரலாம்னு இருக்கேன்.” குரல் தாழ்ந்தது. “இது ஏன் மருந்தை விடவே மாட்டேங்கு?”

ஜுலைகா முந்தின நாள் நீரில் போட்ட மாத்திரையை எடுத்தார். ஊறிப் பருத்து நுங்கு போல வழவழவென்று இருந்தது. பிளேடால் இரண்டாக வெட்டினார்.

நடுவில் வெள்ளைப் பொடி. சொட்டு ஈரமில்லை.

“பசையைக் கூட்டிக்கிட்டே போனீங்களா?”

“ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்.”

“எதுக்கு?”

அவர் பிடரியைத் தடவினார். “உடைஞ்ச மாத்திரை ஒண்ணு கடையிலேருந்து திரும்பி வந்தாப் போதும். கம்பெனியில எங்களை உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க.”

“இங்க கடை இல்ல சார். பாதியாக் குறைங்க.”

மறுநாள் காலையில் புது மாத்திரை நீருக்குள் போனது. நீரைக் கலக்கும் சின்னத் துடுப்பு மெதுவாகச் சுற்றியது. மதியத்துக்கு முன்பே அவர் கத்தினார்.

“மேடம், ஓரமெல்லாம் கரையுது! உருவமே போயிட்டு! வெளிய எடுத்திரட்டுமா?”

“கையை எடுங்க சார். மாத்திரையைப் பாக்காதீங்க, தண்ணியைப் பாருங்க.”

ஞானதிரவியம் நீரைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து அளந்தார். வர வேண்டிய மருந்து வந்திருந்தது. பிறகு மறுபடி அளந்தார். அளவு ஏறியிருந்தது, அவசரமில்லாமல், ஏற வேண்டிய மட்டும். அவர் சிரிக்கத் தொடங்கினார். என்னையும் இழுத்துப் போய்க் காட்டினார். கேண்டீனிலிருந்து எல்லாருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வந்தது. எண்ணெய்க் கையோடு யாரும் பாத்திரத்தின் பக்கம் வரக்கூடாது என்று அவரே காவல் நின்றார்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. “பொறவு பேசுதேன், வேலையா இருக்கேன்” என்று வைத்துவிட்டார்.

இரவானபோது கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, நாலு பக்கமும் பார்த்தார்.

“மேடம், மாத்திரையைக் காணோமே?”

“வேலைக்குப் போயிருக்கு, சார்.”

ஞானதிரவியம் அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றார்.