அந்தத் தெருவுக்கே வராத காரு

ஏய், பேச்சை நிறுத்திட்டு உக்காருங்க, ஒரு கேஸ் கதை சொல்றேன். கார் மோதி காலொடிஞ்ச இட்லிக்கடை தெய்வானை, ஆபரேஷனுக்கு நஷ்டஈடு கேட்டு சாட்சிக் கூண்டுல நிக்குது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலு தொண்டையைச் செருமி, மூக்காலயே பேசுறாரு: "அன்னிக்கு எங்க காரு அந்தத் தெருவுக்கே வரலைம்மா. நீ பொய் சொல்ற."

தெய்வானை பணிவா கேட்டுச்சு: "சரிங்கய்யா. என்னை இடிச்ச காரு கண்மண் தெரியாம வந்துச்சு. உங்காளு அப்படி ஓட்டுறவரு இல்லைங்களா?"

வக்கீலுக்கு உச்சி குளுந்துருச்சு. "பின்னே? அவரு இருபது கிலோமீட்டர் வேகத்துலதான் வந்தாரு. நீதான் குறுக்க பாஞ்ச."

ஜட்ஜய்யா கண்ணாடியைக் கழட்டுறாரு. கூண்டுல கேக்குறதையும் சொல்றதையும் டைப் அடிக்கிற ஜெயசீலி, வருஷக்கணக்கா அங்க வாயே தொறக்காத பொண்ணு, மெல்லக் கேட்டுச்சு:

"சார், இருபதுல வந்தாருன்னு அடிச்சிட்டேன். வரவே இல்லைன்னு மேல அடிச்சிருக்கே, அது அப்படியே இருக்கட்டுங்களா?"