எட்டு பார் மௌனம்

“நான் வாசிக்காத இடத்தை நானே எப்படித் தொடங்கி வைக்கிறது, டீச்சர்?” என்று கேட்டார் தேவவரம்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் சினிமாப் பாட்டுகளுக்கு வயலின் வாசித்தவர். டீச்சர் ஹெப்சிபா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். சர்ச் இசைக்குழுவுக்குப் பயிற்சி தருபவர். அதிலேயே செல்லோ வாசிப்பவர்.

இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா இரண்டு, இன்னும் பெரிய செல்லோ இரண்டு. ஆறே பேர். முன்னால் நின்று கைகாட்ட ஆள் கிடையாது. முதல் வயலின்தான் தொடங்கிவைக்க வேண்டும். இந்த இசையிலோ முதல் எட்டு பாருக்கு, அதாவது எட்டுத் தாளச் சுற்றுக்கு, அந்த வயலினுக்கு ஒரு ஸ்வரம்கூட இல்லை.

மறுநாள் தேவவரத்தின் மனைவி இறந்த முப்பதாம் நாள். ஆராதனையில் இதைத்தான் வாசிக்கப்போகிறார்கள். மனைவி விரும்பிக் கேட்ட இசை.

ஒன்பது முறை தொடங்கினார்கள். ஒன்பதும் சிதறின. தேவவரம் “ஒன், டூ, த்ரீ” என்று முணுமுணுப்பார். வில்லை ஆட்டித் தாளம் காட்டுவார். இடக்காதைச் சாய்ப்பார்.

“அந்தக் காதுல என்னண்ணே கேக்குது?” என்றார் இரண்டாவது வயலின் வாசிக்கும் சாமிதாஸ்.

“பழக்கம்பா. ரெக்கார்டிங்ல அங்கதான் ஹெட்போன். டிக் டிக்குனு தாளம் விழும்.”

“சர்ச்சுல யாரு போடுவா? பாஸ்டரா?”

எல்லாரும் சிரித்தார்கள். தேவவரம் சிரிக்கவில்லை.

“சாமிதாஸையே முதல் வயலின் வாசிக்கச் சொல்லுங்க, டீச்சர். நான் ஜனங்களோட போய் உட்கார்ந்துக்கறேன். நாளைக்கு இது சிதறக் கூடாது.”

ஹெப்சிபா செல்லோவைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். தேவவரத்தின் கையிலிருந்த வயலினை வாங்கினார். வில்லையும் வாங்கினார். இரண்டையும் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

“கையை மடியில வைங்கண்ணே. இப்ப தொடங்குங்க.”

“எதை வச்சு?”

ஹெப்சிபா தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து பேரும் தேவவரத்தையே பார்த்தார்கள்.

ஆட்ட வில் இல்லை. எண்ண வாய் வரவில்லை. நாளை மனைவியின் படத்துக்கு முன்னால் இப்படித்தான் வெறுங்கையோடு இருக்கப்போகிறோம் என்று தோன்றியது.

மூச்சை உள்ளே இழுத்தார்.

அந்த மூச்சோடு ஐந்து வில்களும் ஒன்றாகத் தந்தியில் இறங்கின.

தேவவரம் திகைத்துப்போனார். ஒரு பார் போயிற்று. மூன்று போயின. ஐந்து போயின. ஒன்றும் சிதறவில்லை.

“நான் இன்னும் தொடங்கவே இல்லையே, டீச்சர்!”

ஹெப்சிபா வில்லை நிறுத்தவில்லை.

“ஆறாவது பார் ஓடுதுண்ணே. வயலினை எடுங்க.”