வரிசையில் நிற்காத நீர்க்காகம்

ஏரிக்கரைக் கருவேல மரங்களில், அலகின் அடியில் பை தொங்கும் கூழைக்கடாப் பறவைகள் கூடு கட்டியிருந்தன. கோடை வந்தது. தண்ணீர் வற்ற வற்ற, மீன்கள் நடு ஏரியின் ஆழத்துக்குப் போய்விட்டன. கூடுகளில் குஞ்சுகள் பசியில் கத்தின.

கூழைக்கடாக்களுக்கு முங்கத் தெரியாது. பிறை போல வரிசையாக நீந்தி, இறக்கையால் தண்ணீரை அடித்து, மீன்களைக் கரையோரம் ஓட்டி வரும். அங்கே வந்ததும் எல்லாம் ஒன்றாக அலகை விடும். யாராவது ஒருவர் முந்தினாலும் காரியம் கெட்டது!

அந்த வரிசைக்குத் தலைவி வடிவு. ஆள் போதாமல் துடுக்கன் என்ற நீர்க்காகத்தையும் வேலைக்குச் சேர்த்திருந்தாள். சேர்த்த நாளிலிருந்து தலைவலிதான்! பாதி வழியிலேயே துடுக்கன் தொபுக்கென்று முங்கிவிடுவான். மீன்கள் சிதறி ஓடும்.

“உனக்கு அறிவில்லையாடா?” என்று வடிவு எல்லார் முன்னாலும் திட்டினாள்.

“நீங்க நீந்துற வேகத்துக்கு மீனுக்கே நரை விழுந்துடும்!” என்றான் துடுக்கன். மறுநாள் வேண்டுமென்றே முங்கினான்.

அன்று யாருக்கும் மீன் கிடைக்கவில்லை. வடிவின் கடைக்குட்டி கத்தவும் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தது.

“அவனைத் துரத்து வடிவு! இல்லேன்னா நாங்க வேற ஏரிக்குப் போறோம்!” என்று கத்தினான் தொந்தியப்பன் என்ற கூழைக்கடா.

வடிவு ஆத்திரத்தோடு கிளம்பினாள். துடுக்கன் தனியாக நடு ஏரியில் இருந்தான். ஒரே முங்கு! அடியில் கிடந்த மீன்களெல்லாம் பயந்து மேலே துள்ளின. வடிவுக்குச் சுருக்கென்றது. முங்கத் தெரிந்தவனைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தியது யார்? அவளேதான்!

“துடுக்கா, நாளையிலேர்ந்து நீ வரிசையில நிக்க வேண்டாம்.”

“வேலையை விட்டுத் தூக்குறீங்களாக்கா?” என்றான் துடுக்கன்.

“இல்லடா. ஆழத்துல முங்கி, மீனை எங்க பக்கம் விரட்டு. ஆனா கரை வர்ற வரைக்கும் ஒண்ணைக்கூடக் கொத்தக் கூடாது. கொத்தினா அன்னிக்கே நீ கிளம்பலாம்! எல்லாருக்கும் உள்ள பங்கு உனக்கும் உண்டு.”

துடுக்கன் யோசித்தான். “சரிக்கா. ஆனா எல்லார் முன்னாடியும் திட்டாதீங்க.”

“மாட்டேன். தப்பு செஞ்சா தனியா கூப்பிட்டுத் திட்டுவேன்!”

மறுநாள் காலை வரிசை காத்திருந்தது. முங்கிய துடுக்கனைக் காணோம்.

“தின்னுட்டு ஓடிட்டான் பாரு!” என்றான் தொந்தியப்பன்.

அதற்குள் தண்ணீர் கொதித்தது போல மீன்கள் பாய்ந்து வந்தன. பின்னால் துடுக்கன் எழுந்தான். அலகில் ஒரு மீன்கூட இல்லை!

“அக்கா, அடிங்க!” என்று கூவினான். வரிசை இறக்கைகளை அடித்துக் கரைக்கு ஓட்டியது. எல்லார் பையும் நிறைந்தது. வடிவின் கடைக்குட்டி தாயின் பைக்குள் தலையை விட்டு வயிறு முட்டத் தின்றது. துடுக்கனின் பங்கைத் தொந்தியப்பனே கொண்டுபோய்க் கொடுத்தான்.

“இவ்வளவு மெதுவாவா கொண்டு வர்றது?” என்றான் துடுக்கன். வாய் மட்டும் குறையவில்லை! வடிவு சிரித்துக்கொண்டே போனாள்.

முரண்டு பிடிப்பவரைத் துரத்தும் முன், அவருக்குத் தந்த வேலை அவருக்கு ஏற்றதுதானா என்று தலைமையில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டும்.