நாலு நாள் மூடுபனியும் இரண்டு வெந்நீர்க் குழாயும்

இந்தப் புதிரை அவிழ்க்கத் தாளும் பேனாவும் வேண்டாம். காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடுத்தால் போதும். எதையும் நான் ஒளித்துவைக்கப் போவதில்லை.

கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டு விளையும் மலைச்சரிவில் ஒரு சிற்றூர். அங்கே அமலோற்பவம் என்றொருத்தி. அவள் கணவன் சவரிமுத்து வாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தான். அந்தக் குளிரில் அவனைப் பச்சைத் தண்ணீரில் துடைத்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். தினமும் வெந்நீர் வேண்டும். வெந்நீருக்கு விறகு வேண்டும். விறகு காட்டில் இருந்தது, அதே காட்டில் காட்டுமாடும் இருந்தது. போன வருடம் சுள்ளி பொறுக்கப் போன அவளுடைய நாத்தனாரை ஒரு காட்டுமாடு முட்டித் தூக்கி எறிந்தது. அவளைக் கட்டிலில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து ஒரு புதர் அசைந்தாலே அமலோற்பவம் பொறுக்கிய சுள்ளியைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள்.

அப்படி இருக்கையில்தான் அரசாங்க மானியத்தில் சோலார் ஹீட்டர் கிடைக்கிறது என்ற சேதி வந்தது. வெயில் மட்டும் போதும், விறகும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அவளும் பக்கத்து வீட்டு இன்னாசியும் ஒரே நாளில் மனு கொடுத்தார்கள். இரண்டு கூரையிலும் ஒரே நாளில் ஹீட்டரைப் பூட்டினார்கள். ஒரு வாரம் நல்ல வெயில். குழாயைத் திறந்தால் கை சுட்டது. சவரிமுத்துவின் கால்களைத் துடைக்கும்போது அவள் வெகுநாளைக்குப் பிறகு ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

ஆனால் அலுவலர் நேரில் வந்து, ஹீட்டர் வேலை செய்கிறது என்று கையெழுத்துப் போட்டால்தான் மானியம். இல்லையென்றால் கம்பெனிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் வருவதாகச் சொன்ன நாளுக்கு நாலு நாள் முன்னால் பார்த்து மூடுபனி இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான். துவைத்த துணியெல்லாம் அடுக்களைக்குள்ளேயே காயாமல் கிடந்தது.

அலுவலர் வருவதற்கு முந்தைய நாள் மாலை இன்னாசி வேலியோரம் வந்தான். அவன் கெட்டவன் இல்லை, அவனுக்கும் பயம்தான்.

"அக்கா, தண்ணி கொதிக்கலைன்னா சார் கையெழுத்துப் போட மாட்டாராம். காலையில அண்டாவுல வெந்நீர் போட்டு டேங்க்ல ஊத்திடப் போறேன். நீங்களும் ஊத்திருங்க."

"எங்கிட்ட ஒரு சுள்ளிகூட இல்லையே தம்பி."

"எங்கிட்ட இருக்கறதே எனக்குப் பத்துமோ பத்தாதோக்கா."

விடிந்ததும் அமலோற்பவம் கயிற்றைத் தோளில் போட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்கு நடந்தாள். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மாதாவைக் கூப்பிட்டாள். எதிரே கறுப்பாக ஏதோ தெரிந்தது. பாறை என்று நினைத்தாள். பாறை மூச்சு விட்டது. அரிவாள் எங்கே விழுந்தது, எந்த வழியாக ஓடினோம் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. வெறுங்கையோடு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போச்சு, எல்லாம் போச்சு, இனி தினமும் அந்தக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்து அழுதாள்.

பதினொரு மணிக்கு ஜீப் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்தது. அலுவலர் பெயர் திருவேங்கடம். முதலில் இன்னாசி வீடு. குழாயைத் திறந்ததும் ஆவி பறந்தது. அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார், ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றான் இன்னாசி.

அடுத்தது அமலோற்பவம் வீடு. அவர் ஒரு கையைக் குழாயடியிலும் மறு கையைப் பக்கத்து டிரம்மிலும் வைத்துப் பார்த்தார். டிரம் தண்ணீர் விரலை மரக்கச் செய்தது. குழாய்த் தண்ணீர் லேசாக வெதுவெதுத்தது, அவ்வளவுதான்.

"வெயில் அடிச்சப்போ நல்லா சுட்டுச்சு சார். கழட்டிராதீங்க சார், அவரு படுக்கையில கெடக்காரு," என்றாள்.

அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். இன்னொரு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சொல்லுங்கள், அவர் கையெழுத்துப் போட்டது யாருடைய தாளில்? ஏன்?

விடை: அமலோற்பவத்தின் தாளில்தான். நாலு நாளாகச் சூரியனே தலைகாட்டாத மலையில், வெயிலை மட்டுமே நம்பிய ஹீட்டரில் தண்ணீர் கொதித்தால் அது அடுப்பில் கொதித்த தண்ணீர். பனிக்குள் கசிந்த வெளிச்சத்தைக் கொண்டே குளிரை முறித்து வைத்திருந்த ஹீட்டர்தான் வேலை செய்கிற ஹீட்டர். இன்னாசியிடம், "வெயில் வந்தப்புறம் திரும்ப வரேன். அண்டாவக் கழுவிக் கவுத்து வைங்க," என்றார். அமலோற்பவத்திடம், "நீங்க நேர்மையான ஆளும்மா," என்றார். அவள் பதறிப்போய், "நேர்மையெல்லாம் இல்ல சார். நானும் விறகுக்குத்தான் போனேன். மாடு நின்னுச்சு, ஓடியாந்துட்டேன்," என்று உளறிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உயிரே போனது. கையெழுத்தை அடித்துவிடுவாரோ? அவர் அடிக்கவில்லை. "இனிமே அங்க போகாதீங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மறுநாள் வெயில் வந்தது. விறகு கட்டும் கயிற்றை அவள் வாசலில் கொடியாகக் கட்டி, நாலு நாள் துணியையும் காயப்போட்டாள்.